எலக்ட்ரானிக் டைப்ரைட்டரில் பிழை வராமல் அடிக்க: முதல் எழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

டைப் அடித்த தாளில் பிழை இருந்தால் எல்லோரும் விரலைத்தான் குறை சொல்வார்கள். பிராக்டிஸ் போதாது, கவனம் போதாது என்பார்கள். மேனுவல் மெஷினுக்கு அது பொருந்தும். கீயை அடித்தால் அச்சு எழும்பித் தாளில் விழும். நடுவில் வேறு எதுவும் கிடையாது. எலக்ட்ரானிக் மெஷின் அப்படி இல்லை. அதில் கீ வெறும் சுவிட்ச். அதற்கும் தாளுக்கும் நடுவில் வீல் இருக்கிறது, பிட்ச் இருக்கிறது, ரிப்பன் இருக்கிறது, மெமரி இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போனாலும், விரல் சரியாக அடித்த எழுத்து தாளில் தப்பாகத்தான் விழும். என் மேஜையடியில் கிழித்துப் போட்ட தாள்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை முதல் எழுத்து விழும் முன்பே வீணானவை.

நான் திருச்சியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். இப்போது சொந்தமாக டைப் அடித்துக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் ஏற்கெனவே அச்சான படிவத்தில் புள்ளிக்கோட்டின் மேல் பெயர் உட்கார வேண்டும் என்றாலும், கார்பன் வைத்து இரண்டு மூன்று பிரதி எடுக்க வேண்டும் என்றாலும், நீளக் கவரில் விலாசம் அடிக்க வேண்டும் என்றாலும் எலக்ட்ரானிக் மெஷின்தான் கைகொடுக்கிறது. லோயர், ஹையர் டைப்ரைட்டிங் பரீட்சை முடித்த பெண்கள் கை பழக என்னிடம் வருகிறார்கள். நிமிஷத்துக்கு 30 வார்த்தை, 45 வார்த்தை அடித்துப் பாஸ் செய்தவர்கள். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ தொடங்கி எல்லாப் பாடமும் மேனுவலில்தான் படித்திருப்பார்கள். கோத்ரெஜ் 2009-லேயே மேனுவல் மெஷின் செய்வதை நிறுத்திவிட்டாலும் இன்ஸ்டிடியூட்களில் இன்னும் அந்தப் பழைய மெஷின்கள்தான் ஓடுகின்றன. அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கீயின் பெயரும் இருக்கும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும். விஷயம் மாறாது.

வீலும் பிட்ச்சும்

மூடியைத் திறந்து டெய்சி வீலை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். நடுவில் குமிழ், சுற்றிலும் மெல்லிய இதழ்கள், ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஓர் எழுத்து. பெரும்பாலான வீல்களில் 96 அல்லது 100 இதழ்கள் இருக்கும். கீயைத் தொட்டதும் மோட்டார் வீலைச் சுழற்றி அந்த எழுத்தை நேரே கொண்டுவந்து நிறுத்தும். பின்னாலிருந்து ஒரு சின்னச் சுத்தியல் அந்த இதழைத் தட்டி, ரிப்பனோடு சேர்த்துத் தாளில் பதிக்கும். சுவிட்ச் போட்டதும், வீலையும் ரிப்பனையும் தாங்கி நகரும் கேரியர் இடது கோடிக்குப் போய், வீல் விர்ரென்று சுற்றி நிற்கிறதே, அது மெஷின் தன் தொடக்க இடத்தைத் தேடுவது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அந்த இடத்திலிருந்துதான் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கேரியரைக் கையால் தள்ளினாலும், வீல் சரியாக உட்காராமல் இருந்தாலும் கணக்கு தப்பிவிடும். ஏ அடித்தால் வேறு ஏதோ விழும்.

மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்குக்குப் போன் செய்யும் முன் சுவிட்சை அணையுங்கள். வீலைக் கழற்றி, சரியாக உட்கார வைத்து, மறுபடி சுவிட்ச் போடுங்கள். இதிலேயே சரியாகிவிடுவதுதான் அதிகம்.

வீலைத் தொடும்போது நடுக்குமிழை மட்டும் பிடியுங்கள். ஓர் இதழ் வளைந்தால் அந்த ஒரு எழுத்து மட்டும் மங்கலாகவோ கோணலாகவோ விழும். ஒடிந்தால் அந்த எழுத்தே விழாது. அடிக்கடி வரும் எழுத்து என்றால் உடனே கண்ணில் படும். க்யூ, இஸட், அடைப்புக்குறி, சதவீதக் குறி போன்றவை ஒடிந்திருந்தால், ஏதோ ஒரு முக்கியமான தாளின் நடுவில்தான் தெரியவரும். அதனால் காலையில் மெஷினைத் திறந்ததும் ஒரு வீண்தாளில் எல்லாக் கீயையும் ஷிஃப்ட் இல்லாமல் ஒரு தடவை, ஷிஃப்ட் போட்டு ஒரு தடவை அடித்துவிட வேண்டும். ரிப்பன் கொஞ்சம் செலவாகும். ஆகட்டும்.

அடுத்தது பிட்ச். ஓர் அங்குலத்துக்கு எத்தனை எழுத்து என்பதுதான் பிட்ச்: 10, 12, 15. வீலிலேயே எண் போட்டிருக்கும். மெஷினிலும் அதே எண்ணில் விளக்கு எரிய வேண்டும். 12 வீலை மாட்டி மெஷினில் 10 வைத்தால் எழுத்துகள் ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். 10 வீலை மாட்டி 12 வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று இடிக்கும். இரண்டுக்கும் பொதுவான வீல்களும் உண்டு. அவற்றில் இரண்டு எண்ணும் போட்டிருக்கும். பி.எஸ். (புரொபோர்ஷனல் ஸ்பேசிங்) என்று போட்ட வீல் வேறு வகை. அது ஐ என்ற எழுத்துக்குக் கொஞ்ச இடமும் எம்-முக்கு அதிக இடமும் விடும். கடிதத்துக்கு அழகாக இருக்கும். படிவம் நிரப்பும் வேலைக்கு மட்டும் மாட்டாதீர்கள். கட்டத்துக்குள் எத்தனை எழுத்து கொள்ளும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்க முடியாது.

பிட்ச் மாறினால் மார்ஜினும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 பிட்ச்சில் 15-ல் மார்ஜின் வைத்தால் இடது பக்கம் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். 12-க்கு மாறிய பிறகும் பழக்கத்தில் 15 என்றே வைத்தால் கிடைப்பது ஒன்றேகால் அங்குலம்தான். 18-ல் வைக்க வேண்டும். கால் அங்குலம்தானே என்று தோன்றும். கேஸ் கட்டு தைக்கும்போது ஊசி எழுத்தின் மேல் இறங்கும், அப்போது தெரியும். எட்டரை அங்குல அகலத் தாளில் 10 பிட்ச்சுக்கு 85 எழுத்து, 12-க்கு 102, 15-க்கு 127 என்று ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டி வையுங்கள்.

ரிப்பனும் கரெக்‌ஷன் டேப்பும்

எனக்குத் தெரிந்து எலக்ட்ரானிக் மெஷினில் அதிகத் தாளை வீணாக்குவது இவை இரண்டும் பொருந்தாமல் போவதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைக்குப் போய் மெஷினின் பெயரைச் சொல்லி ‘ரிப்பன் கொடுங்க’ என்று கேட்டால் போதாது. ஒரே மெஷினுக்கு மூன்று விதமான ரிப்பன் பொருந்தலாம். கேசட்டின் வடிவம் ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருப்பது வேறு.

முதலாவது கரெக்டபிள் ஃபிலிம். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் கறுப்புப் பூச்சு. எழுத்து விழும்போது அந்தப் பூச்சு எழுத்து வடிவில் பெயர்ந்து வந்து தாளின் மேலே உட்காரும்; தாளுக்குள் ஊறாது. இரண்டாவது மல்டிஸ்ட்ரைக். நாடா மெதுவாக நகர்வதால் ஒரே இடம் பல தடவை அடி வாங்கும். அதன் மை தாளுக்குள் ஊறிவிடும். மூன்றாவது நைலான் துணி ரிப்பன். மேனுவலில் பார்த்த அதே ரகம், இங்கே கேசட்டுக்குள் இருக்கிறது. இதன் மையும் ஊறும்.

கரெக்‌ஷன் டேப்பில் இரண்டு ரகம். ஒன்று ஒட்டும் டேப், லிஃப்ட் ஆஃப் என்பார்கள். கரெக்‌ஷன் கீயை அடித்தால் மெஷின் அதே தப்பான எழுத்தை இந்த டேப்பின் மேல் இன்னொரு தடவை அடிக்கும். தாளின் மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பூச்சு டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 1973-ல் ஐ.பி.எம். கரெக்டிங் செலக்ட்ரிக்கோடு வந்த முறை இது. இன்னொன்று வெள்ளைப் பொடி தடவிய டேப், கவர் அப். அது எழுத்தை எடுக்காது. மேலே வெள்ளையடித்து மறைக்கும்.

கரெக்டபிள் ஃபிலிமுக்கு ஒட்டும் டேப். மல்டிஸ்ட்ரைக்குக்கும் நைலானுக்கும் வெள்ளை டேப். இது மாறினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை வேண்டுமென்றே மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். நைலான் எழுத்தின் மேல் ஒட்டும் டேப் விழுந்தால் எழுத்து அப்படியே இருக்கும், தாளின் நார் மட்டும் கொஞ்சம் பெயர்ந்து வரும். அந்த இடத்தில் மறுபடி அடித்தால் மை கசியும். ஃபிலிம் எழுத்தின் மேல் வெள்ளை டேப் போட்டால் அப்போதைக்கு மறைந்த மாதிரி இருக்கும். நாலு பேர் கை பட்டதும் வெள்ளை உதிர்ந்து, அடியிலிருந்து தப்பான எழுத்து எட்டிப் பார்க்கும். கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஒட்டும் டேப்பில் எழுத்தை அவ்வளவு சுலபமாக எடுக்க முடிகிறது என்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் எடுக்க முடிந்தால் வேறொருவரும் எடுக்கலாம். செக், ரசீது, புரோநோட்டு, பத்திரம் என்று பணமோ சொத்தோ சம்பந்தப்பட்ட எதையும் கரெக்டபிள் ஃபிலிமில் அடிக்காதீர்கள். அதற்கென்றே நைலானோ மல்டிஸ்ட்ரைக்கோ ஒரு கேசட் தனியாக வைத்திருங்கள். கேசட்டின் மேல் பேனாவால் ‘பத்திரம்’, ‘கடிதம்’ என்று எழுதி வைத்தால் அவசரத்திலும் மாறாது.

பத்திரத்தில் அழித்தல் திருத்தல் சும்மா விடும் விஷயம் அல்ல. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 20-வது பிரிவின்படி, வரிகளுக்கு நடுவில் எழுதியது, காலி இடம், அழித்தது, திருத்தியது எது இருந்தாலும், எழுதிக் கொடுப்பவர்கள் அந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு ஒப்புக்கொள்ளாவிட்டால், பதிவு அதிகாரி பத்திரத்தை வாங்க மறுக்கலாம். காலி இடம் என்பதையும் கவனியுங்கள். விட்டுப்போன ஒரு வார்த்தையின் இடமும் கேள்விக்கு வரும். ஆகவே ஸ்டாம்ப் பேப்பரில் சுத்தமாக அழித்து அடிப்பது ஒரு திறமையே அல்ல. அழிக்கத் தேவையில்லாமல் அடிப்பதுதான் வேலை. அழிக்க வேண்டி வந்தால் மறைக்காமல் சொல்லி, கையெழுத்து வாங்கிவிடுவதுதான் முறை.

கேசட்டை மாட்டும் முன் அதன் குமிழைத் திருகி நாடாவை இறுக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த நாடா முறுக்கிக்கொண்டால் எழுத்தின் மேல் பாதியோ கீழ்ப் பாதியோ மட்டும் விழும். கரெக்‌ஷன் டேப்பை மாட்டும்போது அதன் வேலை செய்யும் பக்கம் தாளைப் பார்த்து இருக்கட்டும். திருப்பி மாட்டினால் ஒன்றுமே நடக்காது.

தாள்

தாளைச் சொருகியதும் இரண்டு மூலையையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால், தாளின் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் லீவரை இழுத்து நேராக்கிய பிறகுதான் அடிக்க வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்ட கோணல், பக்கத்தின் கடைசி வரியில் பெரிதாகத் தெரியும்.

சிங்கிள் ஸ்பேஸில் ஓர் அங்குலத்துக்கு ஆறு வரி. 14 அங்குல லீகல் தாளில் மொத்தம் 84 வரி. கீழே ஓர் அங்குலம் விட வேண்டுமானால் 78-வது வரியோடு நிறுத்த வேண்டும். கடைசிப் பகுதிக்கு வந்தால் தாளின் பிடி தளர்ந்து வரிகள் சாயத் தொடங்கும். ஒரு பழைய தாளில் வலது ஓரமாக 1 முதல் 84 வரை எண் எழுதி, அடிக்கும் தாளுக்குப் பின்னால் கொஞ்சம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டால் பக்கம் முடிவது முன்னாலேயே தெரியும். பின்தாள் ரோலருக்கும் நல்லது.

படிவம் நிரப்பும்போது நேரே படிவத்தில் கை வைக்காதீர்கள். ஜெராக்ஸ் ஒன்று எடுத்து அதில் அடித்துப் பாருங்கள். அச்சான படிவத்தின் கோடுகள் நம் ஆறு வரிக் கணக்குக்கு ஒத்து வருவது அரிது. இரண்டு கோடு சரியாக வரும், மூன்றாவதில் எழுத்து கோட்டின் மேல் ஏறிவிடும். எந்தக் கோட்டில் பேப்பரை எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்று ஜெராக்ஸிலேயே குறித்துக்கொண்டால், அதே படிவம் அடுத்த மாதம் வந்தாலும் உதவும்.

கார்பன் வைத்தால் இம்ப்ரெஷனை, அதாவது எழுத்து தாளில் விழும் அழுத்தத்தை, ஹெவிக்கு மாற்றுங்கள். கார்பன் எடுத்த பிறகு மறக்காமல் பழையபடி வையுங்கள். ஒற்றைத் தாளில் ஹெவி அடித்தால் முற்றுப்புள்ளி ஓட்டையாகும்.

கை

மேனுவலில் படித்த கைக்கு மூன்று பழக்கம் ஊறியிருக்கும். மூன்றும் இங்கே பிழையாகும்.

ஒன்று, ஓங்கி அடிப்பது. எலக்ட்ரானிக்கில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எழுத்தின் கறுப்பு கூடாது. அந்த அழுத்தத்தை முடிவு செய்வது இம்ப்ரெஷன் சுவிட்ச். ஓங்கி அடிக்கும் விரல் கீயில் கொஞ்ச நேரம் தங்கும். சில கீகள் தங்கினால் திரும்பத் திரும்ப அடிக்கும். கோடு, புள்ளி, ஸ்பேஸ் வரிசையாக ஓடிவிடும். தொட்டதும் விட வேண்டும். யோசிக்கும்போது விரலைக் கீ மேல் படுக்க வைக்கவும் கூடாது.

இரண்டு, கண்ணால் பார்த்துத் திரும்ப அடிப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வரி முடிந்து கேரியர் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது வேகமான கை அடுத்த வரியைத் தொடங்கிவிடும். மெஷின் அந்த எழுத்துகளை மெமரியில் வைத்துக்கொண்டு, கேரியர் வந்து சேர்ந்ததும் வரிசையாக அடிக்கும். அதற்குள் தாளைப் பார்ப்பவருக்கு எழுத்து விழாத மாதிரி தெரியும். என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று தாளை நீட்டினாள். ஒவ்வொன்றிலும் வரியின் தொடக்கத்தில் எழுத்து இரட்டித்திருந்தது.

“அக்கா, எஸ் ஒண்ணுதான்க்கா அடிச்சேன். ரெண்டு விழுந்திருக்கு.”

“விழலைன்னு பாத்துட்டு இன்னொரு தடவை அடிச்சியாம்மா?”

“ஆமாக்கா, விழவே இல்லையே.”

“விழும்மா. அது வந்து சேரட்டும்.”

வரி ஆரம்பத்தில் மட்டும் எழுத்து இரட்டித்தால் காரணம் இதுதான். கண் எப்போதும் கையெழுத்துப் பிரதியில் இருக்க வேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்தது இங்கே இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மூன்று, ரிட்டர்ன். மேனுவலில் மணி அடித்ததும் இடது கை லீவருக்குப் போகும். இங்கே பீப் கேட்டதும் சுண்டுவிரல் ரிட்டர்ன் கீக்குப் போகும். ஆட்டோ ரிட்டர்ன் போட்டிருந்தால் மெஷின் தானாகவே அடுத்த வரிக்குப் போயிருக்கும். நீங்களும் அடித்தால் நடுவில் ஒரு வரி காலியாகும். ஆட்டோ வேண்டுமா வேண்டாமா என்று வேலையைத் தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள். பத்தி பத்தியாக ஓடும் கடிதத்துக்கு ஆட்டோ. பெயர், விலாசம், பட்டியலுக்கு அணைத்துவிடுங்கள்.

இவை தவிர ஒரு சின்ன விஷயம், ஆனால் ரொம்பப் பேரிடம் பார்க்கிறேன். பழைய மேனுவல் மெஷின்கள் பலவற்றில் 1 என்ற கீயே கிடையாது. எல் என்ற சின்ன எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் எலக்ட்ரானிக்கிலும் எல் அடித்தால், தனியாகப் பார்க்கும்போது தெரியாது. பக்கத்திலேயே சரியான 1 இருந்தால் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். சர்வே எண்ணில் அப்படி இருந்தால் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும். பூஜ்யத்துக்கு ஓ அடிப்பதும் அதே கதைதான்.

ஷிஃப்ட் லாக், கேப்ஸ் லாக் வித்தியாசத்தையும் உங்கள் மெஷினில் பார்த்துவையுங்கள். கேப்ஸ் லாக்கில் எண்கள் எண்களாகவே விழும். ஷிஃப்ட் லாக்கில் எண்ணுக்குப் பதில் மேலே இருக்கும் குறி விழும். பெரிய எழுத்தில் தலைப்பு அடித்துவிட்டு அப்படியே வருஷத்தை அடிக்கும் இடத்தில்தான் இந்தத் தப்பு வரும். அடிக்கோடு, போல்டு இவற்றையும் போட்டால் அணைக்க வேண்டும். விளக்கு எரிகிறதா என்று தலைப்பு முடிந்ததும் ஒரு பார்வை பாருங்கள்.

தலைப்பை நடுவில் கொண்டுவர எழுத்தை எண்ணிப் பாதியாக்கி பேக்ஸ்பேஸ் அடிக்கும் கணக்கு இங்கே வேண்டாம். சென்டர் கீ அதைச் செய்யும். ஆனால் அது தாளின் நடுவைப் பார்க்காது. மார்ஜின்களின் நடுவைத்தான் பார்க்கும். மார்ஜின் தப்பென்றால் தலைப்பும் தப்பு.

திரை இருக்கும் மெஷினில்

சிறு திரை உள்ள மெஷின்களில், வரி முழுவதும் திரையில் சேர்ந்த பிறகு ரிட்டர்ன் கொடுத்தால்தான் தாளில் விழும்படி வைக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேலைக்கு எப்போதும் இந்த முறையைத்தான் நான் வைப்பேன். வேகம் குறையும்தான். ஆனால் எழுத்து தாளைத் தொடும் முன் படித்துப் பார்க்க முடிகிறது. மேனுவலில் யாருக்கும் கிடைக்காத வசதி இது. பத்திரம் அடிப்பவர்கள் இதைப் பயன்படுத்தாமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

தப்பு விழுந்துவிட்டால்

உடனே கவனித்தால் சுலபம். கரெக்‌ஷன் கீயை அடித்தால் கடைசி எழுத்து போகும். வரியில் கொஞ்சம் முன்னால் என்றால் பேக்ஸ்பேஸில் அந்த எழுத்துக்கு நேரே வந்து, கரெக்‌ஷன் அடித்து, சரியான எழுத்தைப் போட்டு, ரீலொகேட் கீயை அடித்தால் விட்ட இடத்துக்கு மெஷினே கூட்டிப் போகும். ஸ்பேஸ் தட்டித் தட்டிப் போகிறவர்கள் ஓரெழுத்து முன்னோ பின்னோ நிற்பார்கள். அங்கே அடுத்த பிழை தொடங்கும்.

இதெல்லாம் எழுத்து கரெக்‌ஷன் மெமரியில் இருக்கும்வரைதான். மெமரி எவ்வளவு கொள்ளும் என்பது மாடலைப் பொறுத்தது. சுவிட்சை அணைத்தால் பல மெஷின்களில் அது போய்விடும். மெமரியில் இல்லாத எழுத்தை அழிக்க, அதற்கு நேரே போய் கரெக்‌ஷனை அடித்துவிட்டு, எந்த எழுத்தை எடுக்க வேண்டுமோ அதே எழுத்தை நீங்களே அடிக்க வேண்டும். அடித்தபோது இருந்த அதே வீல், அதே பிட்ச் இருக்க வேண்டும். வீல் மாறியிருந்தால் எழுத்தின் வடிவம் பொருந்தாமல் ஓரங்கள் மிச்சமிருக்கும்.

கார்பன் இருந்தால் நிறுத்துங்கள். கரெக்‌ஷன் டேப் மேல் தாளை மட்டும்தான் திருத்தும். கீழே உள்ள பிரதிகளில் தப்பான எழுத்து இன்னொரு அடி வாங்கி இன்னும் கறுப்பாகும். அதன் மேலேயே சரியான எழுத்தும் விழும். மேல் தாள் சுத்தமாக இருக்கும், ஆபீஸ் காப்பியில் ஓர் அழுக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு கார்பனுக்கும் அதன் கீழுள்ள தாளுக்கும் நடுவில் ஒரு துண்டுத்தாளைச் சொருகி மேல் தாளில் அழியுங்கள். துண்டுகளை எடுத்துவிட்டுப் பிரதிகளை ரப்பரால் மெதுவாக அழியுங்கள். அதற்குப் பிறகுதான் சரியான எழுத்தை ஒரே அடியாக அடிக்க வேண்டும். ரப்பர் தூள் மெஷினுக்குள் விழாமல் கேரியரை முதலில் ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

தாளை எடுத்த பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் வேலை இரண்டு மடங்கு. திரும்பச் சொருகி, ஐ அல்லது எல் போல ஒல்லியான எழுத்தின் நடுவை, தாள் பிடிப்பானில் உள்ள கோட்டுக்கு நேரே கொண்டு வாருங்கள். வரியின் அடிமட்டமும் அந்த அளவுக்கோட்டோடு ஒத்து வரட்டும். பிறகு மெல்லிய டிரேசிங் தாள் ஒன்றை மேலே வைத்து, ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல எழுத்தின் மேல் அதே எழுத்தை அடித்துப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் டிரேசிங்கை எடுத்துவிட்டுத் திருத்தலாம். இந்தச் சிரமம் வேண்டாமென்றால் ஒரே வழி, தாள் மெஷினில் இருக்கும்போதே படித்து முடிப்பது.

படிப்பது

அடித்தவரே படித்தால் தப்பு தெரியாது. மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மெஷினில் இருக்கும் தாளில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 1,25,000 என்றால் ‘ஒண்ணே கால் லட்சம்’ என்று படிக்கக் கூடாது. ‘ஒண்ணு, கமா, ரெண்டு அஞ்சு, கமா, மூணு பூஜ்யம்’ என்று படிக்க வேண்டும். லட்சத்தில் ஒரு பூஜ்யம் குறைந்தாலும் வார்த்தையாகப் படிக்கும் வாய் அதைச் சரிசெய்து படித்துவிடும்.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் அடிக்கும் இடத்தைத் தனியாக இன்னொரு தடவை பாருங்கள். புரோநோட்டிலும் செக்கிலும் இரண்டும் வேறாக இருந்தால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும் என்று 1881-ம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் 18-வது பிரிவு சொல்கிறது. டைப்பிஸ்ட் அடித்த ஒரு வார்த்தை கடன்காரருடைய கணக்கையே மாற்றிவிடும். பத்திரம் என்றால் கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை, அடி அளவு, அப்பா பெயர். முழுத்தாளையும் படித்து முடித்த பிறகு இந்த ஐந்தையும் தனியாக மறுபடியும் படிப்போம். வாக்கியத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். எண்ணில் விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது.

கரண்ட்டும் முடிவேலையும்

அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். தாளை எடுக்காதீர்கள், ரோலரைத் திருகாதீர்கள். திரும்ப வந்ததும் கேரியர் இடது கோடிக்குப் போய் நிற்கும். சில மெஷின்கள் மார்ஜின், டேபுலேட்டர், பிட்ச் எல்லாவற்றையும் கம்பெனி வைத்தபடி மாற்றிவிடும். பேட்டரி போட்ட மெஷின்கள் ஞாபகம் வைத்திருக்கும். எதுவானாலும் பிட்ச், வரி இடைவெளி, இரண்டு மார்ஜின் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் அடுத்த எழுத்து. திரையில் இருந்து தாளில் விழாத வரி போயிருக்கும்; தாளில் கடைசியாக விழுந்த வார்த்தையைப் பார்த்து அங்கிருந்து தொடருங்கள். பேட்டரி போட்ட மெஷின் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திறந்து, கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாயங்காலம் மூடி போட்டு மூடுவது எல்லோரும் செய்வதுதான். தீர்ந்த ரிப்பனைக் கூடையில் போடுவதில்தான் கவனம் இல்லை. கரெக்டபிள் ஃபிலிமில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு தடவைதான் விழும். விழுந்த இடம் கண்ணாடி மாதிரி வெளுத்து, எழுத்து வடிவிலேயே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுத்துக்கொண்டே போனால் அந்தக் கேசட்டில் அடித்த எல்லாக் கடிதத்தையும் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். விவாகரத்து மனுவும் இருக்கும், கடன் கணக்கும் இருக்கும். நம்மிடம் நம்பிக் கொடுத்தவர்களுடைய விஷயம் அது. கேசட்டைத் திறந்து, நாடாவை வெளியே இழுத்து, கத்தரியால் குறுக்கே பொடியாக வெட்டிய பிறகுதான் கூடையில் போட வேண்டும்.